அவனுக்கு நான் மருந்தாக இருக்க முடியாதா?

கேள்வி: எனக்கு 17 வயது. பள்ளி அணியில் 800 மீட்டர் ஓடுகிறேன். விளையாட்டு வீரர்களை நாயகர்களாக வைத்து எழுதும் காதல் கதைகள் என்றால் எனக்கு உயிர். ஹாக்கி, ஃபுட்பால், நீச்சல் என்று எது கிடைத்தாலும் விடமாட்டேன். எங்கள் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பரும் நானும் ஆறு மாதமாகப் பழகுகிறோம். இரண்டு மாதத்துக்கு முன் அவனுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று போன் செய்வான். நான் பேசினால்தான் அடங்கும். இதைக்கூட நான் அனுப்பிய ஒரு கதையைப் படித்த பிறகுதான் என்னிடம் சொன்னான். போன வாரம் "நான் இல்லாமப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். உடனே பதில் அனுப்பாவிட்டால் கோபம் வேறு.

கதைகளில் அவள் கூடவே இருந்தால் அவன் சரியாகிவிடுகிறான். நானும் எல்லாம் செய்கிறேன், இவன் சரியாகவில்லை. என் அன்பு போதவில்லையா? நான் ஒழுங்காகத் தூங்கியே நாளாகிறது. ஓட்டத்தில் பின்தங்கிக்கொண்டே போகிறேன். பீரியட்ஸ் நான்கு மாதமாக வரவில்லை, ஆனால் ஓடுகிற பெண்களுக்கு அது சகஜம் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னாள். கண்ட கதையைப் படித்து நான் கெட்டுப்போய்விட்டேன் என்கிறாள் என் தோழி. படிப்பதை நிறுத்திவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. "நான் இல்லாமப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்று அவன் சொன்னது. காதல், கதை, ஓட்டம் எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம். இந்த வரி மட்டும் இன்றைக்கே ஒரு பெரியவரின் காதுக்குப் போக வேண்டும். பதில் முழுவதையும் படித்து முடிக்கும்வரை நீ காத்திருக்க வேண்டாம். அடுத்த மூன்று பத்திகளைப் படித்துவிட்டு எழுந்து போய் அதைச் செய். மிச்சத்தை வந்து படித்துக்கொள்ளலாம்.

சத்தியம் செய்து கொடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். மனநலச் சிகிச்சை தருவது என் வேலை. ரகசியம் காப்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி. என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் சொல்வதை அவர்களுடைய பெற்றோரிடம்கூட நான் அப்படியே போய்ச் சொல்வதில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று வரும்போது எங்களுக்கே அந்த விதி பொருந்தாது. முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்போம். பயிற்சி பெற்றவர்களே தனியாக வைத்துக்கொள்ளக் கூடாத ஒன்றை, 17 வயதில் நீ மட்டும் சுமக்க வேண்டும் என்று அவன் கேட்டிருக்கக் கூடாது. வலியில் கேட்டுவிட்டான். நீயும் பாசத்தில் ஒப்புக்கொண்டாய். அந்தச் சத்தியத்தை உடைப்பதில் துரோகம் எதுவும் இல்லை.

முடிந்தால் அவனிடம் முதலில் சொல். "நீ சொன்னதை என்னால தனியா வச்சுக்க முடியல. எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து உங்க அம்மாகிட்ட சொல்லலாம். நீ வரலைன்னாலும் நான் சொல்லிடுவேன்." இவ்வளவு போதும். அப்போதே, "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டதும் அழுதுவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், கடைசியில் யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதலில் வருகிற அழுகை அது. தோன்றுகிறது என்று சொன்னாலோ, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தாலோ போனை வைக்காதே. இன்னொரு போனிலிருந்து அவன் வீட்டுக்குச் சொல், அவன் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்படி செய், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழைக்கச் சொல். வீட்டில் ஆபத்தான பொருள்கள் இருந்தால் அப்புறப்படுத்துவது பெரியவர்கள் வேலை. அதில் நீ இறங்காதே.

யாரிடம் சொல்வது? அவன் அம்மா அப்பாவிடம் பேச உனக்குத் தயக்கமாக இருந்தால் முதலில் உன் அம்மாவிடம் சொல், அவர் பேசுவார். பள்ளி ஆலோசகர் இருந்தால் அவர், இல்லையென்றால் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியர். முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டையும் மறக்காதே. இந்த மாதங்களில் அவனை அடிக்கடி பார்க்கிற பெரியவர் அனேகமாக அவர்தான். முதலில் கேட்கிறவர் "வயசுக் கோளாறு, சும்மா சொல்றான்" என்று ஒதுக்கினால் அதோடு விட்டுவிடாதே, இரண்டாவது ஆளிடம் போ. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. "சும்மா" என்ற சொல்லை இந்தப் பேச்சுக்குப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது.

போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாயா? சரி, இப்போது மற்றதைப் பேசுவோம்.

என் அன்பு போதவில்லையா என்று கேட்டிருக்கிறாய். அவனுடைய முழங்கால் ஏன் இன்னும் சரியாகவில்லை என்று யோசிக்கும்போது அந்தக் கேள்வி உனக்கு வருவதில்லை, கவனித்தாயா? லிகமென்ட்டைத் தைத்தவர் மருத்துவர், தொடைத் தசையைத் திரும்ப வளர்ப்பது உடற்பயிற்சி, கூடவே காலம். அதில் உன் அன்பு குறைந்ததால் தாமதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மனசு என்று வந்ததும் கணக்கை மாற்றிவிடுகிறோம். அவனுக்கு வந்திருப்பது மனச்சோர்வாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். கடிதத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது, நேரில் பார்க்க வேண்டும். ஆனால் நீ எழுதிய அடையாளங்கள் பொருந்துகின்றன. பெரியவர்களுக்கு மனச்சோர்வு என்றால் சோகமான முகத்தைத்தான் நினைப்போம். பதின்பருவத்தில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே தெரியும், குறிப்பாகப் பையன்களிடம். தினமும், பெரும்பாலான நேரம், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் நிபுணர் பார்த்தாக வேண்டும். இவனுக்கு அதைவிட நீண்டுவிட்டது.

காயம்பட்ட விளையாட்டு வீரனின் மனசைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து "கோல்கீப்பர்" என்பதுதான் அவன் யார் என்பதற்கான பதிலாக இருந்திருக்கும். நண்பர்கள் அங்கேதான், சாயங்காலங்கள் அங்கேதான், அப்பா பெருமைப்பட்டதும் அதனால்தான். ஒரே ஒரு அசைவில் அது அத்தனையும் போய்விட்டது. டீம் இன்னொருவனை நிறுத்திவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. "நான் இல்லாமப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்பதை அவன் ஒவ்வொரு மேட்சிலும் வெளியே உட்கார்ந்து கண்ணால் பார்க்கிறான். அந்த வாக்கியம் அங்கிருந்துகூட வந்திருக்கலாம். இதற்கு உன் ராத்திரி போன்களைவிட, அவனுடைய கோச் எடுக்கும் ஒரு முடிவு அதிகம் உதவும்: மைதானத்தில் அவனுக்கு ஒரு வேலை கொடுப்பது. எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, ஜூனியர் கீப்பருக்குச் சொல்லிக் கொடுப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். பரிதாபத்துக்காகக் கொடுக்கும் வேலை என்றால் அவன் உடனே கண்டுபிடித்துவிடுவான், அதனால் அணிக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற வேலையாக இருக்க வேண்டும். இதைக் கோச்சிடம் சொல்லும் பொறுப்பைப் பெரியவர்களிடம் விடு.

அப்புறம் அந்த ராத்திரிப் படபடப்பு. நீ விவரித்த மாதிரியைப் பார்த்தால் பேனிக் அட்டாக் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மருத்துவர் பார்க்காமல் அப்படிப் பெயர் வைத்துவிடக் கூடாது. கால் ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு முட்டல், நெஞ்சு வலி என்று வந்தால் ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அரிதுதான், ஆனால் அவசரமானது. கதைகளில் எந்த நாயகிக்கும் இது தோன்றுவதில்லை. அவள் அவன் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொள்வாள், அத்தியாயம் முடிந்துவிடும். நீ அவன் வீட்டில் சொல்லும்போது மூச்சு முட்டலையும் சேர்த்துச் சொல், அறுவை செய்த மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டும்.

உடலில் வேறு கோளாறு இல்லை, இது பேனிக் அட்டாக்தான் என்று முடிவானால் அதன் போக்கு நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆபத்து வந்துவிட்டது என்று மூளை தவறாக மணியடிக்கிறது, உடல் ஓடத் தயாராகிறது. இதயம் வேகமாகிறது, மூச்சு இரைக்கிறது, கை மரத்துப்போகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அதற்குப் பிறகு தானாகவே இறங்கும். யார் பேசினாலும் பேசாவிட்டாலும் இறங்கும். இங்கேதான் நீ கேட்ட கேள்விக்கான பதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நீ போனில் இருக்கும்போது அது இறங்குவதால், "அவள் பேசினாள், பிழைத்தேன்" என்று அவன் மனசு கற்றுக்கொள்கிறது. "தானாகவே இறங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்குக் கிடைப்பதே இல்லை. அதனால் அடுத்த முறை பயம் கூடுகிறது, உன் போன் இன்னும் அவசியமாகிறது. நீ தவறு செய்தாய் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பாசமுள்ள எவரும் செய்வதைத்தான் நீயும் செய்தாய். சிகிச்சையில் நாங்கள் செய்வது வேறு. மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்குவோம், படபடப்போடு சண்டை போடாமல் அது வந்து போவதைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். வேண்டுமென்றே படியேறி ஓடச் சொல்லி, வேகமாக அடிக்கும் இதயம் ஆபத்தில்லை என்று அவனே உணரும்படி செய்வோம். முழங்கால் இருக்கிற நிலையில் அவனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும், அது சிகிச்சை தருபவரின் கவலை.

சரி, கதைகளுக்கு வருவோம். உன் தோழியின் பேச்சை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தப் பெரியவராலும் அவன் வாயிலிருந்து வாங்க முடியாததை நீ அனுப்பிய ஒரு கதை வாங்கியிருக்கிறது. அதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. மைதானத்தில் பையன்களுக்குக் கிடைக்கும் மொழி மிகவும் குறைவு. "வலிக்கலை", "ஒண்ணுமில்ல", "ஆடிடுவேன்", அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை, மேட்சுக்கு முன் வாந்தி வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லும் ஆறடி உயர வீரனை அந்தப் பையன்கள் வேறு எங்கே பார்த்திருப்பார்கள்? இந்த வகைக் கதைகளைப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வரும்போது பேனிக் அட்டாக், தெரபி போன்ற சொற்களை வெட்கமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறை இந்த இடத்துக்கு வரவே பல சந்திப்புகள் பிடிக்கும். அதற்காக அந்தக் கதைகளை எழுதுகிறவர்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் கதைக்கு ஒரு கட்டாயம் உண்டு. காதல் கதை என்றால் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு நம்பிக்கையாக இருக்க வேண்டும். வாசகருக்குக் கொடுக்கிற வாக்கே அதுதான். விளையாட்டும் சேர்ந்துகொண்டால் இறுதிப் போட்டி ஒன்று வந்தாக வேண்டும். எழுதுகிறவர் என்ன செய்வார்? காதல், ஆட்டம், மனசு என்ற மூன்று இழைகளையும் அந்த ஒரே நாளில் முடிச்சுப் போடுவார். கொஞ்சம் முன்னால் ஒரு பிரிவு வரும், இரண்டு பேரும் உடைந்து போவார்கள், கடைசி நிமிடத்தில் அவள் கேலரியில் வந்து நிற்பாள். அவன் கோலைத் தடுப்பான். கப், காதல், மனநலம் மூன்றும் ஒரே சாயங்காலத்தில் கிடைத்துவிடும். படிக்க எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் உண்மையில் இந்த மூன்றும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கிழிந்த லிகமென்ட் ஆபரேஷன் செய்த பிறகு ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம், பலருக்கு ஒரு வருடம். அதற்கு முன் அவசரப்பட்டு இறங்கினால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுகிறது. மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சை வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு மாதம் போகும். மருந்து தேவைப்பட்டால் அது வேலை செய்வது தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும், பதின்பருவத்தினருக்கு ஆரம்ப வாரங்களில் மருத்துவர் அடிக்கடி கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காதலுக்கு எவ்வளவு காலம் என்று நான் சொல்ல முடியாது. நீ செய்ததெல்லாம், ஒரு வருட வேலையை இரண்டு மாதத்தில் முடிக்கவில்லையே என்று உன்னையே திட்டிக்கொண்டதுதான்.

கதைகள் தாண்டிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. "அவன் தெரபிக்குப் போக ஆரம்பித்தான்" என்று ஒரே வரியில், பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் வரும். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அவனும் இதைக் கேட்பான். முதல் நாள் அவன் அரை மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு உட்காரலாம். தூக்கம், சாப்பாடு, கோபம் என்று சலிப்பூட்டும் கேள்விகள் கேட்போம். அவன் நினைப்பதை எழுதிப் பார்க்கச் சொல்வோம். "நான் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்பதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். நாளைக்குச் செய்ய ஒரே ஒரு சின்ன வேலை தருவோம். அடுத்த வாரம் அதைச் செய்யாமல் வருவான், பரவாயில்லை என்று மறுபடி ஆரம்பிப்போம். சில வாரம் முன்னேறி, ஒரு வாரம் பின்னுக்குப் போகும். இதை வைத்து யாரும் பரபரப்பான அத்தியாயம் எழுத முடியாது. ஆனால் குணமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

நிஜ விளையாட்டுலகிலிருந்து உதாரணம் வேண்டுமென்றால் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸைப் பற்றி அவனிடம் சொல். ஒலிம்பிக்கில் அவரளவுக்குப் பதக்கம் வென்றவர் யாருமில்லை. 2012 ஒலிம்பிக்குக்குப் பிறகு தனக்கு வாழவே விருப்பமில்லாமல் போனதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2014-ல் ஒரு சிகிச்சை மையத்தில் தங்கி உதவி பெற்றார். 2016-ல் ரியோவில் 5 தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அணிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தவறிப்போனது, அந்த நிலையில் குதித்தால் கழுத்து முறியலாம். உலகமே பேசியது. அவர் சிகிச்சையைத் தொடர்ந்தார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். 2024-ல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். பதக்கம் வந்ததால்தான் சிகிச்சை வெற்றி என்று அவன் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள். பதக்கம் வராமலே நன்றாக வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். இந்த இருவரும் உதவி கேட்டார்கள் என்பதுதான் அவன் காதில் விழ வேண்டும்.

இன்னொரு விஷயமும் கதைகளிலிருந்து உனக்குள் வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நாயகன் பொறாமைப்படுவான், அவள் யாரோடு பேசுகிறாள் என்று கவனிப்பான், பதில் வராவிட்டால் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பான். எழுத்தில் அது ஆழமான காதலாகத் தெரியும், காரணம் அவன் மனசில் என்ன இருக்கிறது என்று ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார். வாழ்க்கையில் நமக்கு அப்படி யாரும் காட்டுவதில்லை. உடனே பதில் அனுப்பாவிட்டால் கோபப்படுகிறான் என்று நீ ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். அவன் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன், பயந்துபோயிருக்கிறான். ஆனாலும் அந்தப் பயத்துக்காக நீ 24 மணி நேரமும் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. "பத்து மணிக்கு மேல போன் அணைச்சிடுவேன். ராத்திரி முடியலைன்னா உங்க வீட்ல எழுப்பு, இல்ல உதவி எண்ணுக்குக் கூப்பிடு. காலைல நான் பேசுறேன்" என்று சொல்லிவிடு. அவன் வீட்டில் விஷயம் தெரிந்த பிறகு மட்டும் இதைச் செய், அதற்கு முன் வேண்டாம். உதவி எண்ணை அவன் போனில் நீயே பதிந்து கொடு.

படிப்பதை நிறுத்த வேண்டாம். படிக்கும் நேரத்தை மட்டும் மாற்று. உன் வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இயல்பாகவே கொஞ்சம் தாமதமாகச் சுரக்கும், அதனால் ராத்திரி வெகுநேரம் விழித்திருப்பது சுலபம். தொடர்கதையின் ஒவ்வொரு அத்தியாயமும் கதவு திறக்கிற இடத்தில்தான் முடியும். இரண்டும் சேர்ந்தால் விடிந்துவிடும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். உனக்கு அதில் பாதியாவது கிடைக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. சாயங்காலம் படி, அத்தியாயத்தின் நடுவில் நிறுத்திப் பழகு. முடிவில் நிறுத்துவதைவிட அது சுலபம்.

கடைசியாக உன் உடம்பு. கடிதத்திலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தவற்றில் இதுவும் ஒன்று, நீயோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அந்த அக்கா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாள், ஆனால் அது தவறு. ஓடுகிற பெண்களிடம் பரவலாக இருப்பதால் அது சகஜம் ஆகிவிடாது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த பீரியட்ஸ் மூன்று மாதம் வராமல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், நீ நான்கு மாதம் தாண்டிவிட்டாய். காரணம் பல இருக்கலாம், எல்லாவற்றையும் அவர் கேட்பார். கூச்சமான கேள்விகளும் வரும், உண்மையைச் சொல். ஓடுகிற பெண்களிடம் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஆற்றல் பற்றாக்குறையை. செலவழிக்கும் அளவுக்கு உடலுக்குச் சாப்பாடு வரவில்லை என்றால், உயிரைக் காப்பாற்றும் வேலைகளுக்கு மட்டும் ஆற்றலை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மூளை குறைத்துவிடும். ஹார்மோன் குறையும், பீரியட்ஸ் நிற்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்குத் தனிப்பெயர் வைத்து எச்சரித்தது, ஆண்களுக்கும் வரும் என்று சேர்த்துச் சொன்னது. வேண்டுமென்றே பட்டினி கிடந்தால்தான் வரும் என்றில்லை. விடியவிடியப் போன் பேசிவிட்டு, காலையில் சாப்பிடாமல் பயிற்சிக்கு ஓடினாலே போதும். மன அழுத்தமும் சேர்ந்துகொள்ளும்.

எலும்பு பலத்தின் பெரும்பகுதி இந்த வயதில்தான் சேர்கிறது. ஹார்மோன் குறைந்த நிலையில் ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பில் மெல்லிய விரிசல்கள் விழலாம், பிற்காலத்தில் ஈடுகட்டுவது கடினம். பின்தங்குவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு விளக்கமும் இதில் இருக்கலாம். எரிச்சல், அழுகை, எதிலும் ஈடுபாடின்மை ஆகியவையும் இதனோடு சேர்ந்து வருபவைதான். அவனைக் காப்பாற்றத் தெரியாததால் மனசு இப்படி ஆகிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு, உன் உடலுக்குப் போதுமான சாப்பாடும் தூக்கமும் கிடைக்காததுதான். சமயத்தில், அடுத்தவரைப் பார்த்துக்கொள்வதில் மூழ்கிவிட்ட பிள்ளைகளின் உடம்புதான் முதலில் பேசும். உன் உடம்பு நான்கு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

அதனால் உன் அம்மாவிடம் அவனைப் பற்றிச் சொல்ல உட்காரும்போது இதையும் சொல். இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஒருவகையில் சுலபமாகக்கூட இருக்கும். "அம்மா, ரெண்டு விஷயம் சொல்லணும், முழுசா கேட்டுட்டுத் திட்டு" என்று ஆரம்பி. காதலிக்கிறாயா என்ற கேள்வி வரும், வரட்டும். அதில் கொஞ்ச நாள் வீட்டில் முகம் சுளிப்பு இருக்கலாம். அவனும் கோபப்படலாம், சில நாள் பேசாமல்கூட இருக்கலாம். அப்போது விளக்கம் சொல்லி நீளமான செய்திகள் அனுப்பிக்கொண்டே இருக்காதே. "நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விடு. அவனைப் பார்த்துக்கொள்ள இப்போது வேறு ஆட்கள் இருப்பார்கள்.

இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்கு. அவர் பார்த்துச் சொல்லும்வரை வேகப் பயிற்சி வேண்டாம். கோச்சிடம் "டாக்டரைப் பார்க்கப் போகிறேன், அதுவரை வேகமாக ஓடமாட்டேன்" என்று சொன்னால் போதும், காரணத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. தேர்வுப் போட்டி பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது அழுத்தினால் அம்மாவைப் பேசச் சொல். காலையில் ஏதாவது சாப்பிடாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதே.